தமிழ்ப்பெயர் ‘கெட்ட பெயரா’?

1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. படாசுகர் வகுத்துக் கொடுத்த எல்லை அது. ஊரை அலகாகக் கொண்டு, அவ்வூரில் எம்மொழி பேசுநர் மிகுதி, அவ்வூர் எந்நிலத்தோடு தொடர்ந்து கிடக்கின்றது என்று பார்த்து வரைந்த எல்லை. மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் அவர்தம் தோழர்களும் மக்களைத் திரட்டிப் போராடியிராவிடின் அந்த அளவேனும் கிடைத்திராது. ஆயினும், போராட்டம் முடிந்து எல்லை வரைய அமர்ந்தபொழுது வேண்டப்பட்டவை கணக்கேடுகளே. ஏட்டில் யார் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாரோ அவ்வாறே எண்ணப்பட்டார். பெயரும் மொழியும் ஏட்டில் ஏறுவது எழுத்தர் செய்யும் சில்லறை வேலை என்று எண்ணுவோர், அம்மையார்குப்பம் போலும் வடவெல்லை ஊர்களில் அகவை முதிர்ந்தாரைக் கேட்டறிதல் நன்று.

அவ்வூர்களில் இன்று இன்னோர் ஏடு எழுதப்பட்டு வருகின்றது. அது தாளில் இல்லை; கணினியில் இருக்கின்றது. அதனை எழுதுவோர் வருவாய்த்துறையினர் அல்லர். கணினி பூட்ட வரும் இளைஞர்கள். பள்ளியிலோ சங்கத்திலோ உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்து, நடுவில் பெரிய கணினி ஒன்றை நிறுத்தி, ‘இனி யாரும் எந்தக் கணினியிலும் தம் பெயரைச் சொல்லி உள்ளே புகலாம், தம் கோப்பை எடுக்கலாம்’ என்று சொல்லிச் செல்கின்றனர். நல்ல ஏற்பாடுதான். அந்தப் பெயர் எம்மொழியில் எழுதப்படுகின்றது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏற்பாடு இன்னதென்று நெசவூரார்க்கு விளக்குவது எளிது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு ஒன்று உண்டு. நூல் இருப்பறை ஒன்று உண்டு. உறுப்பினர் வந்தால் ஏட்டைப் புரட்டி, இவர் இன்னார், இவர்க்கு இவ்வளவு நூல் கொடுக்கலாம் என்று பார்த்து அளப்பர். ஒவ்வொரு தறிவீட்டிலும் தனித்தனி ஏடும் தனித்தனி இருப்பறையும் வைத்தால் எத்துணைக் குழப்பம் விளையுமோ, அத்துணைக் குழப்பம் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிக் கணக்கும் தனித்தனிக் கோப்பும் வைப்பதால் விளையும். ஆகவே ஏட்டையும் இருப்பறையையும் ஓரிடத்தில் வைத்தனர். ‘செர்வர்’ என்று கடைக்காரர் சொல்லும் வழங்கிதான் அவ்விடம். சொன்முதலில் லகரம் நில்லாது என்னும் மரபையும் மிதித்துக்கொண்டு ‘லாகின்’ என்று வழங்கப்படுவது புகுபதிகை. அஃதாவது ஏட்டைப் புரட்டி ஆளை அறிதல். எல்லார்க்கும் பொதுவான கோப்புகள் கிடக்குமிடம் இருப்பறை.

நெசவாளர் இதனை அயலார் பொருள் என்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. பூவேலைப் புடைவைக்குத் தறிமேல் தொங்கும் துளையட்டை பிரான்சு நாட்டுச் சக்கார்டு 1804-இல் ஆக்கிய பொறியினது. அத்துளையட்டை முறையையே 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆலரித்து என்பார் எடுத்தாண்டார். கணினிக்கு முன்னோர் பலர். தறியும் அவருள் ஒன்று.

பொதுப்புகுபதிகையும் கோப்புப் பகிர்வும் நேற்று வந்தனவல்ல. அமெரிக்கச் சன் நிறுவனம் பிற கணினியில் கிடக்கும் கோப்பைத் தன் கோப்பேபோல் திறக்கும் முறையை 1984-இல் வகுத்தது. 1992-இல் ஆத்திரேலியத் தலைநகர் கான்பெராவில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ திரிட்செல் தொடங்கிய ‘சாம்பா’, விண்டோசு கணினியும் யூனிக்சு கணினியும் ஒரே இருப்பறையைப் பகிருமாறு செய்தது. பெயரேட்டுக்கு ‘எல்டாப்’ என்னும் முறை 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மைக்ரோசாப்டின் ‘ஆக்டிவ் டைரக்டரி’ 2000-இல் அதனையே தழுவி வந்தது. சாம்பாவும் எல்டாப்பும் விலையின்றிக் கிடைப்பன. அவற்றைத் திருத்திக்கொள்ளவும் யாருடைய இசைவும் வேண்டா. மலையாள நாட்டுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளையே கற்பிக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது மட்டும் கைக்கெட்டாததாக இருப்பதற்குக் காரணம் பொருளின்மை அன்று.

இனிப் பெயரின் நிலை. இலினக்சு கணினியில் புதியவர் ஒருவர்க்குக் கணக்குத் தொடங்கும் கட்டளைக்கு ‘மணிமேகலை’ என்று தமிழில் பெயர் கொடுத்தால், அஃது ஏற்பதில்லை. பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்கல் வேண்டும். அதன்பின் அச்சிற்றெழுத்தும் எண்ணும் கோடுமே வரலாம். இஃது அக்கட்டளையின் பெயரிலக்கணம். இவ்விலக்கணத்தை மீறியே தீர்வேன் என்பார்க்கு ஒரு புறனடையும் வைத்திருக்கின்றனர். கட்டளையோடு ஒரு சொல்லைக் கூட்டி எழுதினால் கதவு திறக்கும். அச்சொல் என்ன தெரியுமா? ‘பேட்நேம்’. கெட்ட பெயர்! தமிழ்ச் சிறுமி ஒருத்தி தன் தாய்மொழியில் எழுதிய தன் பெயரோடு உள்ளே புக வேண்டுமானால், ‘இது கெட்ட பெயர்தான்; ஆயினும் பொறுத்து உள்ளே விடுக’ என்று வாயிற்காவலனிடம் சொல்லிப் புக வேண்டும்.

இதை எழுதியவர் தமிழை இகழ எண்ணி எழுதினாரல்லர். அவர்க்குத் தமிழின் நினைவே இல்லை; அவ்வளவுதான். 1963-இல் வகுத்த ‘ஆசுக்கி’ அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் அமர்ந்ததும் அது நிரம்பிவிட்டது. 1969-இல் தொடங்கிய யூனிக்சு அதன்மேல் எழுந்த கட்டடம். இலினக்சு அதன் வழித்தோன்றல். இகழ்ந்தவனோடு வழக்காடலாம். நினையாதவனோடு எதைச் சொல்லி வழக்காடுவது? தமிழர் தாமே சென்று தம் இருக்கையைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவ்வாறு செய்யாமல், கணினி பூட்டுவோர் எளிய வழியொன்று காண்கின்றனர். ‘பெயரை ஆங்கிலத்தில் அடித்துவிடு.’ அடித்தால் என்ன ஆகின்றது? வளவன் என்பது சோழன் பெயர். வலவன் என்பது தேர்ப்பாகன் பெயர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. அரசனுக்கும் பாகனுக்கும் ஒரே கணக்கு, ஒரே இருப்பறை! கலையும் களையும் ஒன்று. தமிழ்ச்செல்வன் என்று ஒரு வகுப்பில் நால்வர் இருந்தால் நால்வரும் நான்கு விதமாக எழுதப்படுகின்றனர்; ழகரத்திற்கு ஒருவர் ஓரெழுத்து, ஒருவர் ஈரெழுத்து, சகரத்திற்கு ஒருவர் ஒன்று, மற்றொருவர் வேறொன்று. பள்ளியேட்டில் ஒருவகை, வங்கியில் ஒருவகை, சான்றிதழில் ஒருவகை. பிறகு ‘இப்பெயரார் அனைவரும் நானொருவனே’ என்று உறுதிமொழித்தாள் எழுதிக்கொண்டு அலைவது அப்பிள்ளையின் தலைவிதி ஆகின்றது. தமிழில் எழுதினால் அப்பெயர்க்கு ஒரே எழுத்துமுறைதான்.

இதனினும் ஆழமான வடு வேறிடத்தில் இருக்கின்றது. எல்டாப் ஏட்டில் ‘ஆள்’ என்னும் வகையில் ஒருவரைப் பதிய இரண்டு கட்டங்கள் கட்டாயமாக நிரப்பப்படல் வேண்டும். ஒன்று பொதுப்பெயர். மற்றொன்று ‘சர்நேம்’ எனப்படும் குடும்பப்பெயர். இரண்டாவது வெறுமையாயின் அவர் ஆளே அல்லர், ஏடு தள்ளிவிடும். தமிழர்க்கு ஏது குடும்பப்பெயர்? தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு; சிலர்க்கு ஊர்ப்பெயரின் முதலெழுத்து உண்டு. பெயர்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த வால் ஒன்று முன்பு இருந்தது. அது சாதிப்பெயர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு அவ்வாலை வெட்டி எறிக என்று தீர்மானம் செய்தது. அதன்பின் ஒரு தலைமுறை, இரு தலைமுறை என்று தமிழர் அதனைப் பெரும்பாலும் விட்டொழித்தனர். இந்தியாவின் பிற பகுதிகளில் இவ்வளவு பரவலாக நடவாத செயல் அது. அதனைக் கணினியின் ஒரு கட்டம், ‘இதனை நிரப்பாமல் மேலே செல்ல இயலாது’ என்னும் ஓர் அறிவிப்பால், திரும்பவும் கேட்கின்றது. ஒருவர் பாட்டனின் சாதிப்பட்டத்தைத் தேடி எடுத்து இடுகின்றார். இன்னொருவர் தந்தை பெயரை இடுகின்றார். இட்டதும் குமரன் மகள் தேன்மொழி, அலுவல் மடல்களிலெல்லாம் ‘செல்வி குமரன்’ ஆகிவிடுகின்றாள்.

தீர்வு மிக எளிது. கட்டாயக் கட்டத்திலும் அவர்தம் பெயரையே இடலாம். பொதுப்பெயர் தேன்மொழி, குடும்பப்பெயரும் தேன்மொழி. ஏடு அதனை மறுப்பின்றி ஏற்கும். அது கேட்பது வெறுமையாயிராத ஒரு சொல்லை மட்டுமே. ஆயினும் இதனைச் சொல்லிக் கொடுப்பார் அரியர். ஏனெனில், கேட்டவர் யாருமில்லை.

கணினி கற்றவர்கள் தமிழில் பெயரிடுவதற்குச் சில மறுப்புகள் சொல்வர். அவற்றில் உண்மையும் உண்டு. அவ்வுண்மையை மறைத்துப் பேசுதல் தமிழ்த்தொண்டு ஆகாது.

முதல் மறுப்பு, தமிழ் இடத்தை அடைக்கின்றது என்பது. 1992-இல் கென் தாம்சனும் இராபு பைக்கும் வகுத்த ‘யு.டி.எப்.-8’ என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. ஒருங்குறியின் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட்டு. ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்றெழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணுவதால் கணினிக்கு ஐந்து குறியெண். ஆகப் பதினைந்து பைட்டு. இலினக்சில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆகவே தமிழில் 85 குறியெண் வரை செல்லலாம். பெயரைச் சுருங்க வைக்கத் தெரிந்தவர்க்கு இது தாராளம். சுற்றறிக்கைத் தலைப்பை முழுவதுமாகக் கோப்புக்குப் பெயராக இடுவார்க்கே முட்டுப்பாடு.

இரண்டாவது மறுப்பு சற்று நுட்பமானது. ‘பொன்னி’ என்னும் பெயரில் ‘பொ’ இருவகையாக உள்ளே செல்லக்கூடும். பகரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியெண்ணாகச் செல்லலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் செல்லலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை; ஒருங்குறி விதியும் இரண்டையும் ஒன்றென்றே கொள்ளும். ஆனால் பொதுஇருப்பறையைக் காக்கும் இலினக்சு, பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டு, இவை இரண்டு என்று கொள்ளும். ஒரே இடத்தில் ‘பொன்னி மதிப்பெண்’ என்று இரண்டு கோப்புகள்! கடவுச்சொல்லில் இவ்வெழுத்து வந்தால், ஒரு கணினியில் திறந்த கதவு மற்றொன்றில் திறவாது. இதற்கு மருந்து முன்னமே கண்டிருக்கின்றனர். ஒப்பிடுவதற்கு முன் எல்லா வடிவத்தையும் ஒரே வடிவமாக்குக என்று இணையப் பொறியாளர் அவையம் 2017-இல் வெளியிட்ட 8265-ஆம் விதி சொல்கின்றது. வழங்கியை நிறுவுவோர் அதனைக் கையாள வேண்டும். அதனோடு, ஓரலுவலகத்தார் அனைவரும் 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை ஒன்றையே ஆண்டால் இத்தொல்லை பெரும்பாலும் வேரோடு போகும்.

ஔகாரத்தின் நிலை வேறு. ‘ஔவை’ என்பதை ஒகரத்தோடு ளகரத்தை ஒட்டித் தட்டுவோர் பலர். அவர் தட்டியதைத் தேடினால் ஔவை கிடைக்கமாட்டாள். இங்குக் குற்றம் கணினியினுடையதன்று. தட்டியவரைத் தமிழெழுத்துக் கற்பித்தவரிடம் திரும்ப அனுப்புதல் வேண்டும். வடவெழுத்துக் கூட்டாகிய ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியெண் வழிகள் இருக்கின்றன, ஒருங்குறியில் 2005-இல் ‘ஶ’ என்பதைச் சேர்த்ததனால் வந்த வினை. இவ்விரண்டையும் ஒருங்குறி விதியே ஒன்றென்று கொள்வதில்லை. ‘திரு’ என்று எழுதுவார்க்கு இவ்வினை இல்லை. வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் சொன்னது கோப்புகளைக் காப்பதற்கும் உதவும் என்று அவரே எண்ணியிருக்க மாட்டார்.

மூன்றாவது, வரிசை. இதுதான் தமிழாசிரியர் ஒருவர்க்குக் கண்ணில் விழுந்த தூசு. பொதுஇருப்பறையில் நூறு கோப்புகள் தமிழ்ப்பெயரோடு கிடக்கின்றன. அகரவரிசையில் அடுக்குக என்றால், கணினி குறியெண் வரிசையில் அடுக்குகின்றது. ஒருங்குறியின் தமிழ் அட்டவணை இந்திய அரசின் ‘இசுகி’ அட்டவணையைத் தழுவி 1991-இல் வந்தது. அது தேவநாகரி வரிசைக்குத் தமிழை வளைத்தது. ஆகவே நகரத்தின் பின் னகரம். ரகரத்தின் பின் றகரம். லகரத்தின் பின் ளகரமும் ழகரமும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே, அழையா விருந்தாக, ஜகரம். ஆய்தம் அகரத்திற்கும் முன்னே போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வரிசைப்படி ‘கனி’ முன்னே வரும், ‘கபிலன்’ பின்னே வருவான். ‘அறம்’ முன்னே, ‘அவை’ பின்னே. மெய்யின் புள்ளிக்கு உயர்ந்த குறியெண் கொடுத்ததனால் ‘கணக்கு’ முன்னே வர, ‘கண்ணன்’ பின்னே தள்ளப்படுகின்றான். அகராதி பார்க்கக் கற்ற மாணவன் இப்பட்டியலில் தன் கோப்பைத் தேடினால், அவன் கற்றது தவறோ என்று ஐயுறுவான். மாணவன் கற்றது சரி, பட்டியலே தவறு.

இதற்கும் தீர்வு இல்லாமலில்லை. தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கும் விதிகளை ஒருங்குறி அவையத்தின் மொழிவழக்குத் தொகுப்பே தருகின்றது. ஆனால், வழங்கியை நிறுவும்பொழுது மொழியும் நாடும் எவை என்று அது கேட்கும். ‘ஆங்கிலம், அமெரிக்கா’ என்று முன்னதாகவே எழுதியிருப்பதை மாற்றாமல், ‘சரி’ என்று தட்டிவிட்டுப் போவதே வழக்கம். அந்த ஒரு தட்டலில், தமிழ்நாட்டு ஊரொன்றன் கோப்புகள் அமெரிக்கக் குடியேற்றம் பெற்றுவிடுகின்றன.

மறுப்புகள் இவ்வளவே. மறுபக்கம் இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். 1997-இல் வந்த எல்டாப்பின் மூன்றாம் வடிவம் பெயர்களை ஒருங்குறியிலேயே வைக்கின்றது. 1999-இல் அதற்கு மொழிக்குறி சேர்க்கப்பட்டது. ‘இது தமிழ்’ என்னும் குறியோடு ஒருவர் பெயரைத் தமிழிலும், வேறு குறியோடு பிறமொழியிலும், ஒரே பதிவில் எழுதி வைக்கலாம். திரையில் தமிழ்ப்பெயரே தோன்ற வேண்டும். வங்கிக்கும் வெளிநாட்டுக்கும் வேண்டின் ஆங்கில வடிவம் உள்ளே இருக்கட்டும். புகுபதிகைக்கு வாயிலில் சொல்லும் திறவுசொல் எண்ணாக இருக்கட்டும். ‘எமிசு’ என்று ஆசிரியரெல்லாரும் அறிந்த கல்வித்துறைத் தொகுப்பில் மாணவர் ஒவ்வொருவர்க்கும் எண் முன்னமே உண்டு. மாந்தரை எண்ணாக்கலாமா என்று அன்பர் சிலர் வருந்துவர். தேன்மொழியை ஆங்கிலச் சிற்றெழுத்தில் நசுக்கி எழுதுவதைக்காட்டிலும், எண்ணைச் சொல்லி உள்ளே புகுந்து தன் பெயரைத் தமிழில் காண்பது மேல். நெசவாளர் சங்கத்திலும் எண்ணைச் சொன்னால் ஏட்டில் பெயரைப் பார்க்கின்றனர். யாரும் சிறுத்துப் போய்விடவில்லை.

தமிழக ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. பெயரைத் தமிழில் எழுதும்பொழுது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்று 2021 திசம்பரில் அரசு ஆணை பிறப்பித்தது. தாளில் கையெழுத்திடுவோர் அவ்வாணையைக் கைக்கொள்ளலாம். கணினியின் கட்டம் ஆங்கிலச் சிற்றெழுத்தை மட்டும் ஏற்குமானால், கையெழுத்தில் ‘க.’ என்று எழுதியவர் புகுபதிகையில் ‘கே’ ஆகின்றார். ஆணை தாளோடு நின்றுவிடுகின்றது; ஏடோ தாளைவிட்டுப் போய்விட்டது.

அம்மையார்குப்பம் போன்ற எல்லையூர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் பெயரும் இதே வாயிலில் ‘கெட்ட பெயர்’தான். அப்பெயரைத் தெலுங்கெழுத்தில், தெலுங்கு என்னும் குறியோடு, அதே பதிவில் வைப்பதற்கு இடமிருக்கின்றது. எல்லைக்கு அப்பால் இருப்பாரும் இவ்வழக்கில் எதிர்வழக்காடுநர் அல்லர்.

எஞ்சியிருப்பது ஒரே அச்சம். ‘ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதி முடித்தாயிற்று; இனிப் பெயரை மாற்றினால் கோப்புகளெல்லாம் உடையவர் இன்றிச் சிதறும்’ என்பார் உளர். அஃது உண்மையன்று. கோப்பு யாருடையது என்பதைக் கணினி பெயரால் நினைவு கொள்வதில்லை. இலினக்சு ஒவ்வொருவர்க்கும் ஓரெண் கொடுத்து, அவ்வெண்ணையே கோப்பின்மேல் எழுதி வைக்கின்றது. விண்டோசும் நீண்ட அடையாள எண்ணொன்றால் அதனையே செய்கின்றது. திரையில் தோன்றும் பெயர் அவ்வெண்ணின்மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை உரித்து வேறு சீட்டு ஒட்டினால் இருப்பறையில் ஒரு நூலிழையும் இடம் பெயராது. சில நூறு மாணவர் பயிலும் பள்ளிக்கு, தமிழாசிரியர் ஒருவர் வாசிக்க, கணினி அறிந்தவர் ஒருவர் தட்ட, இரண்டு மூன்று நாள் வேலை. வாசிப்பதற்குப் புதிதாக எதையும் எழுத வேண்டுவதும் இல்லை. வகுப்பாசிரியரின் வருகைப்பதிவேட்டில் அப்பெயர்களெல்லாம் தமிழில்தான் இருக்கின்றன.